உறைபனியில் வாழும் கள்ளி

கள்ளி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன வெயிலும் மணலும் வறட்சியுமேயாம். பண்டைத் தமிழ்ப் புலவரும் பாலை நிலத்தைப் பாடுமிடத்துக் கள்ளியை அந்நிலத்துக்குரிய செடிகளுள் ஒன்றாக வைத்தனர். ஆதலின், வெண்பனி முழங்காலளவு மூடிக்கிடக்கும் நிலத்திலே கள்ளியொன்று வெட்டவெளியில் வளர்ந்து, பனி நீங்கியதும் செம்பூப் பூக்கின்றதென ஒருவர் கூறுவாராயின், நாம் அதனை எளிதில் நம்பமாட்டோம். ஆயினும் அஃது உண்மையே. அவ்வுண்மையின் காரணத்தையும், அத்தகைய கள்ளியைத் தோட்டத்திலே பேணும் முறையையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இப்பொருள் பற்றி எழுத என்னைத் தூண்டியது ஒரு கடிதமாகும். என்னிடம் கற்று, இப்பொழுது கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அதனை எழுதியிருந்தார். குளிரைத் தாங்கும் கள்ளி என்று சொல்லி விற்கப்பட்ட கன்றொன்றை அவர் வாங்கி, தம் வீட்டுத் தோட்டத்தில், உக்கல் நிறைந்த கரிய மண்ணிலே, கோடையின் இறுதியில் நட்டார். நாள்தோறும் தவறாது நீரூற்றினார். நவம்பர் மாதத்தில் அது சுருங்கி, நிறம் மங்கி, நிலத்தோடு தாழ்ந்து போயிற்று. செடி குளிரால் வாடுகின்றதென இரங்கிய அவர், அதனைத் தோண்டியெடுத்துச் சாடியில் வைத்து, சமையலறைச் சாளரத்தருகே இருத்தி, மேலும் நீரூற்றினார். மூன்று வாரங்களில் அதன் அடிப்பாகம் மெதுவாகிக் கபிலநிறமடைந்து அழுகிவிட்டது. “ஐயா, எங்கள் ஊர்ச் செடியைப் போல அதுவும் இந்தக் குளிரைத் தாங்கமாட்டாமல்தானே செத்தது?” என்பது அவரது வினா. அவ்வினாவுக்கு விடை “அன்று” என்பதே. எவ்வாறெனக் காண்பதற்கு முன்னர், கள்ளி என்பது யாதென்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். ஏனெனில், அக்கன்றை அவர் ‘எங்கள் ஊர்ச் செடி’யோடு ஒப்பிட்டதே முதற்பிழையாகும்.

தமிழில் கள்ளியெனப் பெயர்பெறுவன யாவும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தன அல்ல. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி முதலியன இயூபோபியா என்னும் இனத்தைச் சார்ந்தவை. இவற்றைக் கீறினாற் பால் வடியும். சங்கப் பாடல்களிற் கூறப்பட்டவையும் இவைபோன்றனவே. கள்ளிக் குடும்பம் எனத் தாவரவியலார் வகுத்த குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. அதில் 1,500க்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றின் முட்கள் சிறு பஞ்சுமெத்தை போன்ற தனியிடங்களிலிருந்து கொத்தாக எழும். இவ்வடையாளம் இயூபோபியாக்களில் இல்லை. நம் கரையோரங்களிற் காணப்படும் நாகதாளி இவ்வமெரிக்கக் குடும்பத்தைச் சார்ந்ததாயினும், கப்பல்கள் வழியாக மனிதராற் கொண்டுவரப்பட்டதேயாம். இக்குடும்பத்துள் இரிப்சாலிசு என்னும் ஒன்று மாத்திரமே அமெரிக்காவுக்கு வெளியேயும் இயற்கையாக வளர்கின்றது. மரக்கிளைகளில் நூல்போலத் தொங்கும் அச்செடி ஆபிரிக்காவிலும் நமது இலங்கையிலும் உண்டு.

அமெரிக்காவில் இக்குடும்பம் வெப்பப் பாலைவனங்களில் மாத்திரம் அடங்கியிருக்கவில்லை. உயர்ந்த மலைச்சாரல்களிலும், மழைக்காடுகளிலும், கனடாவின் புல்வெளிகளிலும் அது பரவியுள்ளது. ஒன்ராறியோ மாகாணத்தின் தென்கோடியிலுள்ள பீலிமுனைத் தேசியப் பூங்காவில் நாகதாளியின் உறவான சப்பாத்தி வகையொன்று இயற்கையாகவே வாழ்கின்றது. எனவே, என் மாணவர் வாழும் மாகாணத்துக்குக் கள்ளி அந்நியமன்று.

அவர் வாங்கிய கன்று எக்கினோசீரியசு திரிகுளோகிடியாற்றசு என்னும் பெயருடையது. பெயர் நீண்டதாயினும் பொருள் எளிது. முற்பகுதி முள்ளெலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டது. பிற்பகுதி மூன்று கூர்களையுடையது எனப் பொருள்படும். சில செடிகளில் முட்கள் மும்மூன்றாக நிற்பதால் இப்பெயர் ஏற்பட்டது. மலரின் நிறமும் வடிவும் செந்நிறத் திராட்சைமது நிறைந்த கிண்ணத்தை ஒத்தலின், அமெரிக்க மக்கள் இதனை மதுக்கிண்ணக் கள்ளி என்னும் பொருள்பட அழைக்கின்றனர். நாமும் இக்கட்டுரையில் அவ்வாறே அழைப்போம்.

இதற்குப் பெயரிட்டவர் யோர்ச் எங்கெல்மன் என்பவர். 1809 இல் செருமனியிலுள்ள பிராங்போட் நகரிற் பிறந்து, அமெரிக்காவின் சென்லூயிசு நகரிற் குடியேறிய மருத்துவர் இவர். பகலில் நோயாளரைப் பார்த்து, எஞ்சிய நேரத்தைத் தாவரவியலுக்கு அளித்தவர். இவருடைய நண்பரும் மருத்துவருமான விசிலிசேனசு என்பார் 1846 இல் வணிகர் கூட்டமொன்றுடன் தென்மேற்கு நோக்கிப் பயணஞ்செய்தார். அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்குமிடையே போர் மூண்டமையால் மெக்சிக்கோவில் தடுத்துவைக்கப்பட்டார். அந்நிலையிலும் அவர் செடிகளைச் சேகரிக்கத் தவறவில்லை. அவர் கொணர்ந்தவற்றை ஆராய்ந்த எங்கெல்மன், 1848 இல் வெளியான அப்பயண நூலின் பிற்சேர்க்கையில் இவ்வினத்தையும் விவரித்தார்.

மதுக்கிண்ணக் கள்ளி கொலராடோ, யூற்றா, அரிசோனா, நியூ மெக்சிக்கோ முதலிய மாநிலங்களின் கற்சரிவுகளிலும் மலையடிவாரங்களிலும் வளர்வது. 2014 ஆம் ஆண்டு கொலராடோ மாநிலம் இதனைத் தன் மாநிலக் கள்ளியாக ஏற்றுக்கொண்டது. இளமையில் ஒற்றைத் தண்டாக நிற்கும் இது, ஆண்டுகள் செல்லச்செல்ல அடியிலிருந்து பக்கக்கன்றுகளை ஈன்று, அரைக்கோள வடிவான கூட்டமாகின்றது. முதிர்ந்த கூட்டமொன்றில் நூற்றுக்கணக்கான தண்டுகள் நெருங்கி நிற்றலுமுண்டு. வேனிற்காலத்தில் தண்டின் தோலைப் பிளந்துகொண்டே மொட்டுகள் வெளிவரும். செந்நிற இதழ்கள் மெழுகு பூசியனபோல் தடித்தவை. நடுவிலுள்ள சூல்முடியோ பசுமையானது. பிற கள்ளிமலர்கள் பல ஒருநாளில் வாட, இது இரவிலும் கூம்பாது பல நாள் மலர்ந்திருக்கும். அந்தரத்தில் நின்றவாறே தேனுண்ணும் இரீங்காரச் சிட்டுகள் இதற்கு மகரந்தச் சேர்க்கை செய்கின்றன.

இக்கள்ளி எத்துணைக் குளிரை எதிர்கொள்கின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். இதன் தாயகத்துள் அடங்கிய கொலராடோவின் தலைநகர் டென்வர். 2022 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் அந்நகரின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 31 பாகை செல்சியசு வரை தாழ்ந்தது. எப்போதும் அவ்வளவு தாழ்வதில்லையெனினும், கடுங்குளிர் அங்கு ஆண்டுதோறும் வருவதே. நீர் உறையும் நிலையினும் பல பாகை தாழ்ந்த குளிரில், உடல் முழுவதும் நீர் நிறைந்த செடி எவ்வாறு உயிர் தரிக்கின்றது?

இதனை விளங்கிக்கொள்ள, செடி குளிரால் இறக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும். உறைபனி தாக்கும்போது கலங்களுக்கிடையேயுள்ள வெளிகளில் முதலிற் பனிக்கட்டி உண்டாகும். அது கலங்களுள்ளிருக்கும் நீரை மெல்லமெல்ல வெளியே இழுக்கும். குளிர் மெதுவாக வருமாயின் கலங்கள் நீரிழந்து சுருங்குமேயன்றி உடனே அழியா. ஆனால், கலத்தினுள்ளேயே பனிக்கட்டி தோன்றுமாயின் அதன் நுண்ணமைப்புச் சிதைந்து கலம் இறக்கும். நீர் நிறைந்து பருத்திருக்கும் தண்டில் இவ்வாபத்து மிகுதி.

மதுக்கிண்ணக் கள்ளியும் அதனையொத்த குளிர்தாங்கும் கள்ளிகளும் இவ்வாபத்தை முன்னரே தவிர்த்துக்கொள்கின்றன. பகற்பொழுது குறுகி, இரவு குளிரத் தொடங்கியதும், அவை வேர்வழி நீருறிஞ்சுவதைக் குறைத்து, தண்டிலுள்ள நீரையும் படிப்படியாக இழக்கின்றன. நீர் குறையக் கலச்சாற்றிலுள்ள வெல்லம் முதலியவற்றின் செறிவு கூடும். செறிந்த கரைசல் தூயநீரினும் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உறையும் என்பது மாணவர் ஆய்வுகூடத்தில் கற்ற உண்மையே. இதனோடு, கள்ளித் தண்டிலுள்ள வழுவழுப்பான சளியப்பொருளும் நீரைப் பற்றிக்கொண்டு, அது விரைந்து உறைவதைத் தடுக்கின்றது. கலிபோணியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பார்க் நோபெல் என்னும் அறிஞர் கள்ளிகளின் குளிர்தாங்கும் ஆற்றலை நெடுங்காலம் ஆராய்ந்தவர். வெப்பநிலையைச் சில வாரங்களிற் படிப்படியாகக் குறைத்து வந்தால் அவை முன்னரினும் மிகுந்த குளிரைத் தாங்குமென அவர் காட்டினார். தண்டின் நுனியிலுள்ள முட்களும் பஞ்சும் வளர்முனையிலிருந்து வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கின்றன என்பதும் அவர் கண்ட உண்மையாகும்.

இப்பொழுது என் மாணவரின் வினாவுக்கு மீள்வோம். நவம்பரில் அவர் கண்ட சுருக்கம் நோயன்று. அது செடி தன்னைத்தான் காத்துக்கொள்ளச் செய்த ஆயத்தம். வற்றிச் சுருங்கிய தண்டே குளிர்காலத்தில் நலமுள்ள தண்டு. அவர் இரக்கத்தால் அதனை வெப்பமான அறைக்குள் கொண்டுவந்தபோது, வேர் உறங்கிக்கொண்டிருந்தது. தோண்டியெடுத்ததில் நுண்வேர்கள் அறுந்தும் இருக்கும். உறிஞ்சப்படாத நீர் வேரைச் சூழ்ந்து நின்றது. ஈரமும் வெப்பமும் காயமும் ஒருங்கு சேர்ந்தவிடத்துப் பங்கசுக்கள் புகுந்தன, அடி அழுகிற்று. அதனைக் கொன்றது குளிரன்று, நீர்.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டே இக்கள்ளியைத் தோட்டத்தில் வளர்க்கும் முறைகள் யாவும் அமைந்துள்ளன. அவற்றைத் தனித்தனி நோக்குவாம்.

முதலாவது, இடம். நாள்முழுதும் வெயில் படும் இடமே ஏற்றது. வடவரைக்கோளத்துக் குளிர்நாடுகளில் தெற்கு நோக்கிய சரிவோ, தெற்கு நோக்கிய சுவரின் அடியோ சிறந்தது. பகலில் வெயிலை ஏற்ற சுவர் இரவில் அவ்வெப்பத்தை மெல்ல வெளிவிடும். கூரையிறப்பு சற்றே நீண்டிருப்பின் மாரிகாலத்து ஈரமும் குறையும். ஆனால் கூரைநீர் நேரே செடிமீது விழுதலாகாது. நடைபாதையினின்றும் வாரப்படும் வெண்பனியைச் செடிமேற் குவித்தலும் ஆகாது. பாதையில் தூவிய உப்பு அதனொடு கலந்து வருமாதலின், அது வேருக்குத் தீங்கு விளைக்கும். வானிலிருந்து இயல்பாக விழும் பனியோ கேடன்று. வறண்ட பனி ஒரு போர்வைபோல் மூடிக் கடுங்காற்றினின்றும் காக்கும்.

இரண்டாவது, மண். நமது நாட்டுத் தோட்டக்காரர் நல்ல மண்ணெனப் போற்றும் உக்கல் நிறைந்த மண் இதற்கு ஆகாது. பாதிக்கு மேற்பட்ட பங்கு பருமணலும் குறுஞ்சரளையுமாக இருத்தல் வேண்டும். எஞ்சியது சாதாரணத் தோட்டமண்ணாக இருக்கலாம். பசுஞ்சாணமும் இலைக்குப்பையும் வேண்டியதில்லை. களிமண் நிலமாயின் குழிதோண்டிச் சரளையை நிரப்புதல் பயனற்றது. அக்குழி நீர்தங்கும் தொட்டியாகிவிடும். நிலமட்டத்துக்கு மேல் ஓர் அடியளவு உயர்த்திக் கல்லடுக்கி, அதற்குள் இம்மண்ணை நிரப்பிப் பாத்தி அமைத்தலே முறை. நட்டபின் தண்டின் கழுத்தைச் சுற்றி இரண்டங்குலத் தடிப்பிற் பரற்கற்களைப் பரப்புதல் வேண்டும். இதனால் தண்டின் அடி ஈரமண்ணைத் தொடாது. மழை தெறித்துச் சேறு படிவதும் இல்லை.

மூன்றாவது, நடுங்காலம். உறைபனிக்காலம் நீங்கிய வசந்தமும் முதுவேனிலின் தொடக்கமுமே தக்கவை. அப்பொழுது நட்டால் குளிர் வருமுன் வேர் நன்கு ஊன்றும். சாடியினின்றும் எடுத்த கன்றின் வேரிலுள்ள பழைய மண்ணை உதிர்த்து, அறுந்த வேர்கள் ஆறும்வண்ணம் சில நாள் நிழலில் உலரவைத்து, உலர்ந்த மண்ணில் நட்டு, ஒரு வாரத்தின் பின்னரே நீரூற்றுதல் வேண்டும். கூட்டமாகப் பரவும் இயல்பினதாகையால் கன்றுக்குக் கன்று ஓர் அடி இடைவெளியேனும் விடல் நன்று.

நான்காவது, நீரும் பசளையும். கள்ளிக்கு நீரே வேண்டாமென எண்ணுவதும் பிழை. தண்டு பருக்கத் தொடங்கும் வசந்தத்திலும், மொட்டு அரும்பும் காலத்திலும், நட்ட முதலாண்டுக் கோடையிலும் அதற்கு நீர் தேவை. ஒருமுறை நிறைய ஊற்றி, மண் நன்கு உலர்ந்த பின்னரே மறுமுறை ஊற்றுதல் வேண்டும். செத்தெம்பர் மாதத்தோடு நீரூற்றலை அறவே நிறுத்திவிடுக. பசளை இடுவதாயின் நைதரசன் குறைந்ததை ஆண்டுக்கு ஒருமுறை வசந்தத்தில் மாத்திரம் சிறிதளவு இடலாம். நைதரசன் மிகுந்தால் தண்டு விரைந்து பருத்து மென்மையாகும்; மென்மையான தண்டு குளிரில் முதலிற் கெடும்.

ஐந்தாவது, மாரிகாலக் காப்பு. டென்வர் நகரில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழையும் பனியும் நீரளவிற் கணக்கிடின் 400 மில்லிமீற்றருக்குக் குறைந்தவை. ரொறன்ரோவிலோ அது ஏறத்தாழ இருமடங்கு. இங்கிலாந்தின் குளிர்காலம் கனடாவினதைப் போலக் கடுமையானதன்று. எனினும் அங்கே தூறலும் ஈரமும் நீங்காமையால் இக்கள்ளிக்கு அதுவே பேரிடர். ஆதலின் ஈரமான நாடுகளில் கண்ணாடித் தகடொன்றைச் சாய்வாக நிறுத்தி, ஒக்டோபர் முதல் மார்ச்சு வரை செடிக்குக் கூரையாக்குவர். நாற்புறமும் திறந்திருத்தல் இன்றியமையாதது. காற்றுப் புகாவண்ணம் மூடினால் உள்ளே ஈரம் தேங்கும். போர்வை சுற்றுதல், வைக்கோல் மூடுதல் ஆகியனவும் இக்காரணத்தாலேயே தகாதன.

கன்று பெருக்கும் வழிகள் இரண்டு. கோடையில் பக்கக்கன்றைக் கூரிய கத்தியால் அறுத்து, வெட்டுவாய் உலர்ந்து தோல்கட்டும் வரை இரண்டு வாரம் நிழலில் வைத்துச் சரளைமண்ணில் நடுவது ஒன்று. விதையிலிருந்து வளர்ப்பது மற்றொன்று. குளிர்நாட்டு விதையாதலின் ஈரமணலிற் கலந்து சில வாரங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பின்னர் விதைத்தால் நன்கு முளைக்கும். நாற்று மிகமெல்ல வளரும். பூவைக் காணப் பல ஆண்டு காத்திருத்தல் வேண்டும்.

இப்பொறுமையின்மையே வேறொரு தீமைக்குக் காரணமாயிற்று. விதையிட்டுக் காத்திருக்க விரும்பாதோர் மலைச்சரிவிலுள்ள முதிர்ந்த கூட்டங்களைத் தோண்டி விற்கலாயினர். நெடுங்காலம் ஓரிடத்தில் வேரூன்றிய கூட்டம் பெயர்த்து நடப்படின் பெரும்பாலும் மெலிந்து இறக்கும், மலையும் வறிதாகும். 1973 இல் வாசிங்டனில் கைச்சாத்தாகி 1975 இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை, கள்ளிக் குடும்பத்தின் மிகப் பெரும்பகுதியின் நாடுகடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்துகின்றது. ஆயினும் வாங்குவோரின் மனச்சான்றே சிறந்த காவல். தோட்டப்பண்ணையில் விதையினின்றும் வளர்த்த கன்றா எனக் கேட்டறிந்தே வாங்குதல் வேண்டும். அத்தகைய கன்று புதிய மண்ணுக்கு எளிதில் இசையும் என்பது அதனால் வரும் மற்றொரு பயன்.

மதுக்கிண்ணக் கள்ளியை யாழ்ப்பாணத்தில் வளர்க்க முயல வேண்டாமென்பது என் கருத்து. அதற்கு உறக்கந்தரும் குளிர்காலம் நம்மிடம் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரியோ உண்டு. எனினும் அதன் வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் இருக்கின்றது. சில ஆண்டுகளின் முன் நான் என் வீட்டு விறாந்தையில் உருண்டைக் கள்ளியொன்றைச் சாடியில் வைத்திருந்தேன். கார்த்திகை மழையில் மற்றைச் செடிகளெல்லாம் செழிக்கின்றனவே, இதுவும் செழிக்கட்டும் என்றெண்ணி அதனை முற்றத்தில் இறக்கிவைத்தேன். தை பிறக்குமுன் அது அழுகிவிட்டது. அன்று நான் மழையை நொந்தேன். என் மாணவர் கனடாவிலிருந்து குளிரை நொந்ததுபோல. பிழை இருவரிடத்தும் ஒன்றே. செடி கேளாததை அன்பின் மிகுதியால் கொடுத்தோம்.

அவருக்கு நான் எழுதிய மறுமொழியின் சுருக்கம் இது: வருகின்ற வசந்தத்தில் மீண்டும் ஒரு கன்றை நடுக. மேட்டுப்பாத்தியும் சரளைமண்ணும் அமைத்துவிட்டால் உம் வேலையிற் பெரும்பகுதி முடிந்தது. நவம்பரில் அது சுருங்குங்கால் அஞ்சற்க. சாளரத்தின் உள்ளே நின்று பார்த்திருப்பதே அப்பொழுது நீர் செய்யத்தக்க பேணல். மேமாதத்தில் அது நிமிர்ந்து பருப்பதைக் கண்டபின், முதற்பூ எப்பொழுது மலர்ந்ததென எனக்கு எழுதுக.